தேய்ந்த டூ ஸ்ட்ரோக் பிளாக்: ரீபோரா, ஸ்லீவா, மறு முலாமா, புதிதா?

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு எனப் பழைய வட ஆற்காட்டு வட்டாரத்தில் மண் பாதையில் ஓட்டுவதற்கென்று தயார் செய்து வைத்திருக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் யமஹா ஆர்எக்ஸ் 100 அல்லது ஆர்எக்ஸ் 135 ஆகும். மட்கார்டைக் கழற்றி, பட்டன் டயர் மாட்டி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டிய வண்டிகள் அவை. அபூர்வமாக ஒருவரிடம் இறக்குமதியான ஒய்இசட் 125 அல்லது கேடிஎம் இருக்கும். பாலாற்று மணலிலும் ஏரிக்கரைகளிலும் சில ஆண்டுகள் ஓடிய பிறகு இவை அனைத்துக்கும் பிளாக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர், தேய்கிறது. அப்போது சுவரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் ரீபோர் அடிப்பதா, உள்ளே புது இரும்பு உறையான ஸ்லீவ் இறக்குவதா, மறுபடி முலாம் பூசுவதா, புது பிளாக் கிட் வாங்கிவிடுவதா என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் அந்த வாரம் கையில் இருக்கும் பணமே அதற்கு விடை சொல்லிவிடுகிறது. பிளாக்கின் சுவர் எதனால் ஆனது, அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற இரண்டையும் அறியாமல் எடுக்கும் முடிவு, அடுத்த கோடைக்குள் அதே செலவை மீண்டும் வைக்கிறது என்பது என் அனுபவம்.

முதல் கேள்விக்கு ஒரு சிறிய காந்தம் போதும். ஆர்எக்ஸ் வகை பிளாக்கில் அலுமினிய உடலுக்குள் வார்ப்பிரும்பு உறையான லைனர் இருப்பதால் காந்தம் போரின், அதாவது பிஸ்டன் ஓடும் துளையின், உட்சுவரில் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். பிளாக்கின் அடிப்பகுதியில் இரும்பும் அலுமினியமும் சேருமிடத்தில் ஒரு வளையக் கோடும் கண்ணுக்குத் தெரியும். ஒய்இசட், கேடிஎம் போன்ற பந்தய வகை வண்டிகளில் லைனர் கிடையாது. அலுமினியச் சுவரின் மேலேயே நிக்கலும் சிலிகன் கார்பைடும் கலந்த மெல்லிய முலாம் இருக்கிறது. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் சுழலும் வகையான வாங்கெல் இன்ஜினுக்காக உருவாக்கி, நிக்கசில் என்று பெயரிட்ட முறை இது. முலாமின் கனம் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. இந்த இரண்டு வகைக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு. இரும்புச் சுவரைக் கடையலாம். மறு முலாம் ஏற்றாமல் முலாம் பூசிய சுவரை யார் கடைந்தாலும் பிளாக் அன்றோடு கெட்டது.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நம் ஊர் மலைகள் கருங்கல் மலைகள். அவற்றிலிருந்து உதிர்ந்து வரும் மண்ணிலும் பாலாற்று மணலிலும் படிகக்கல் (குவார்ட்ஸ்) துகள் நிறைந்திருக்கிறது. மோஸ் அளவுகோலில் 7 கடினம் கொண்ட அந்தத் துகள் வார்ப்பிரும்பைச் சுலபமாகச் சுரண்டும். டூ ஸ்ட்ரோக்கில் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் அறைக்குள் போய், அங்கிருந்து சுவரில் உள்ள ஜன்னலான டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே ஏறுவதால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே நுழையும் தூசி கிராங்க் பேரிங், பாவாடை எனப்படும் பிஸ்டனின் கீழ்ப்பகுதி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், சுவர் என்று ஒன்று விடாமல் தொட்டுவிட்டே வெளியேறுகிறது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில், காற்றால் மட்டும் குளிரும் இன்ஜினை மணலில் முதல் கியரில் உறும விடும்போது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் பக்கம் மற்ற பக்கங்களை விட அதிகம் சூடாகி விரிகிறது. ஆகவே தேய்மானம் எங்கும் சமமாக இருப்பதில்லை: மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேய்வது டேப்பர்; வட்டம் கெட்டு நீள்வட்டமாவது ஓவல். இந்த வகைச் சிறிய இன்ஜின்களுக்கு டேப்பர் 0.05 மில்லிமீட்டரையும் ஓவல் 0.01 மில்லிமீட்டரையும் தாண்டினால் வேலை செய்தே ஆக வேண்டும்.

இதை நகத்தால் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்விட்டத்தை முள்ளால் காட்டும் டயல் போர் கேஜை உள்ளே இறக்கி மெல்ல ஆட்டி, முள் திரும்பும் இடத்தில் படிக்க வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளிலும் படித்தால் ஆறு எண்கள் கிடைக்கும். கேஜ் இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. பிளாக் இப்போது எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவுக்கான புது ரிங் ஒன்றைப் போருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை மெல்லிய தகடுகளால் ஆன ஃபீலர் கேஜால் அளந்துகொள்ளுங்கள். போரின் விட்டம் 0.1 மில்லிமீட்டர் கூடினால் ரிங் வாய் ஏறத்தாழ 0.31 மில்லிமீட்டர் அதிகமாகத் திறக்கும். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல் 3.14 மடங்கு என்பதே காரணம். 50 மில்லிமீட்டர் போரில் புது ரிங்கின் வாய் சுமார் 0.2 இருக்க வேண்டும். ரிங்கை மேலே வைத்து ஒரு முறையும், போர்ட்டுகளுக்குக் கீழே வைத்து ஒரு முறையும் அளந்து, இரண்டின் வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் டேப்பர் கைக்கு வந்துவிடும். ஓவலை மட்டும் இந்த வழியில் பிடிக்க முடியாது.

அளவு இன்னும் வரம்புக்குள் இருக்கிறது, சுவரில் கோடு இல்லை, கம்ப்ரஷன் மட்டும் குறைந்திருக்கிறது என்றால், ரிங்கை மாற்றி, சுவரைக் கல்லால் லேசாக உரசி ஹோனிங் செய்து, ஓட்டிக்கொண்டே போகலாம். செலவு குறைந்த வழி இதுதான். ஆனால் டேப்பர் ஏறிய போரில் புது ரிங் போடுவது வீண். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ரிங் விரிந்து சுருங்கி, பள்ளத்துக்குள் ஆடி, சில நூறு கிலோமீட்டரில் பழைய நிலைக்கே வந்து நிற்கும்.

இனி ரீபோர். இரும்பு லைனர் உள்ள வண்டிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆர்எக்ஸ் 100இன் போர் 50, ஸ்ட்ரோக் 50 மில்லிமீட்டர், கொள்ளளவு 98 சிசி. ஸ்டாண்டர்டு அளவை விடப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 என்ற படிகளில் வருகின்றன. கடைசிப் படியான 51 மில்லிமீட்டரில் கொள்ளளவு 102 சிசி ஆகிறது. இந்த 4 சிசியால் வண்டி பறக்கப் போவதில்லை. ஆனாலும் "ஒரேயடியாக 1.00 போட்டுவிடுங்கள், இழுவை கிடைக்கும்" என்று கேட்டு, நான்கு தலைமுறைக்கு வர வேண்டிய இரும்பை ஒரே நாளில் சுருளாகச் சீவித் தள்ளிவிடுகிறார்கள். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. அந்தக் காலத்து பிளாக்கின் வார்ப்பும் லைனரும் இனிப் புதிதாக வரப்போவதில்லை. ஓவர்சைஸ் என்பது வங்கியில் போட்ட வைப்புத்தொகை போன்றது. கோடு மறையும் அளவுக்கு எந்தப் படி போதுமோ அந்தப் படியை மட்டும் எடுக்க வேண்டும்.

ரீபோர் வெற்றி பெறுவதும் தோற்பதும் இடைவெளியில் இருக்கிறது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டியது இந்த வகைச் சிறிய காற்றுக்குளிர் இன்ஜினில் 0.035 முதல் 0.045 மில்லிமீட்டர் வரை. ஒரு தலைமுடியின் கனத்தை விடக் குறைவு. பல ஆண்டுகளுக்கு முன் என் ஆர்எக்ஸ் 135இன் பிளாக்கை மட்டும் ஒரு பட்டறையில் கொடுத்து, 0.50 அடிக்கச் சொல்லிவிட்டு, பிஸ்டனைப் பிறகு வாங்கினேன். அந்தக் கம்பெனியின் பிஸ்டன் பெட்டியில் எழுதியிருந்த அளவை விடச் சற்றுத் தடிமனாக இருந்தது. ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூட ஏறி முடிப்பதற்குள் பிஸ்டன் ஜாமாகி, பின் சக்கரம் தேய்ந்துகொண்டு நின்றது. கழற்றியபோது பிஸ்டனின் நான்கு மூலைகளிலும் நான்கு கீறல் பட்டைகள் இருந்தன. சூட்டில் விரிய இடமில்லாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுவே அடையாளம். அதற்குப் பிறகு நான் போன லேத்தில் இருந்த பெரியவர் பிளாக்கைக் கையில் வாங்கும் முன்பே கையை நீட்டி, "பிஸ்டன் எங்கே தம்பி? அது இல்லாமல் நான் எதற்கு அளவு வைப்பது?" என்றார். பிஸ்டனை அதன் பாவாடையில், பிஸ்டன் பின் (pin) இருக்கும் திசைக்குக் குறுக்காக, அடி விளிம்புக்குச் சற்று மேலே மைக்ரோமீட்டரால் அளந்து சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிக்கொண்டார். அந்த எண்ணோடு இடைவெளியைக் கூட்டியதுதான் போரின் அளவு. நம் ஊர் வெயிலுக்கும் மணலுக்கும் சொல்லப்பட்ட வரம்பின் மேல் எல்லையைக் கேட்டு வாங்குவது என் வழக்கம். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் என்றால் அது வார்ப்பு பிஸ்டனை விட அதிகம் விரியும் என்பதால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைத்தான் வைக்க வேண்டும்.

கடைந்த பின் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் பல இடங்களில் விட்டுப்போகின்றன. ஒன்று, போர்ட்டுகளின் விளிம்பை மழுக்குவது. கடைந்த உடனே அந்த விளிம்பு கத்தி போல இருக்கும். ரிங் ஒவ்வொரு முறையும் அந்த ஜன்னலுக்குள் சற்றே துருத்தி மீண்டும் உள்ளே வருகிறது. விளிம்பு மழுங்கலாக இல்லாவிட்டால் ஒரு நாள் ரிங் மாட்டி ஒடியும், துண்டு எக்ஸாஸ்ட் வழியே போகும் வழியில் சுவரையும் கிழிக்கும். மற்றொன்று, கழுவுவது. ஹோனிங் கல்லின் பொடி சுவரின் குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். பெட்ரோலில் அலசினால் அது போகாது. சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான டூடி ஆயில் தொட்டு உட்சுவரைத் துடைத்துப் பாருங்கள். முதல் துடைப்பில் துணி சாம்பல் நிறமாகும், இரண்டாவதில் இலேசாக நிறம் ஏறும். துணி போட்டபடியே வெள்ளையாக வரும் வரை விடக் கூடாது. எனக்கு ஐந்தாறு முறை ஆகிறது.

கடைசி ஓவர்சைஸும் தீர்ந்துபோன பிளாக்குக்கு, அல்லது ஒடிந்த ரிங் ஆழமாக உழுதுவிட்ட பிளாக்குக்கு ஸ்லீவ் இறக்குவது வழி. பழைய லைனரைக் கடைந்து எடுத்துவிட்டு, அலுமினிய உடலை அடுப்பில் 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, குளிரவைத்த புது ஸ்லீவை ஒரே மூச்சில் உள்ளே விட வேண்டும். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் ஆறும்போது அது ஸ்லீவை இறுக்கிப் பிடிக்கும். இதில் கைத்திறன் குறைந்தால் இரண்டு வகையில் கெடும். பிடிப்பு தளர்ந்தால் ஸ்லீவுக்கும் உடலுக்கும் நடுவே காற்று நின்று, சூடு வெளிப்பக்கக் குளிர்விப்புத் தகடுகளான ஃபின்களுக்குப் போய்ச் சேராமல் பிஸ்டன் மீண்டும் மீண்டும் ஜாமாகும். ஸ்லீவின் ஜன்னல்கள் உடலின் ஜன்னல்களோடு பொருந்தாவிட்டால் இன்ஜினின் குணமே மாறிவிடும்: 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு 1 மில்லிமீட்டர் இடம் மாறினால் திறப்பிலும் மூடலிலும் தலா 2 டிகிரிக்கு மேல் நேரம் மாறும். ஆகவே பழைய லைனரை எடுக்கும் முன்பே போர்ட் உயரங்களை மேல் தளத்திலிருந்து அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல கையில் செய்த ஸ்லீவ் வேலை மீண்டும் ஸ்டாண்டர்டு அளவிலிருந்து தொடங்கும் வாய்ப்பைத் தருகிறது. ஒரிஜினல் வார்ப்பைக் காப்பாற்ற விரும்புகிறவர்களுக்கு அந்தக் கூலி தகும்.

புது பிளாக் கிட் பலரையும் இழுக்கிறது. பெட்டியைத் திறந்து மாட்டினால் மாலையில் வண்டி ஓடுகிறது. அவசரத்துக்கு அதில் தவறில்லை. ஆனால் ஒரிஜினல் அல்லாத கிட்டுகளில் தரம் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. நான் கையில் எடுத்துப் பார்த்த சிலவற்றில் போர்ட் விளிம்பு மழுக்கப்படவே இல்லை, ஒன்றில் டிரான்ஸ்ஃபர் வழிக்குள் வார்ப்பு மணல் ஒட்டியிருந்தது. வாங்கினால், மாட்டும் முன் அதையும் போர் கேஜால் அளந்து, கழுவி, விளிம்பைத் தடவிப் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் பிளாக் தேடுவது. அங்கே போகும்போது காந்தமும் வெர்னியரும் பையில் இருக்கட்டும். பிஸ்டனோடு கிடைத்தால் அதன் தலையில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்: எண் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஸ்டாண்டர்டு, 25, 50 என்று இருந்தால் அந்தப் படி செலவாகிவிட்டது. உட்சுவர் அழுக்கேறி இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஃபின் உடைந்திருக்கிறதா, ஸ்டட் துளைகள் வெடித்திருக்கின்றனவா, எத்தனை படி மீதம் இருக்கிறது என்பவைதான் அந்த பிளாக்கின் மதிப்பு.

முலாம் பூசிய பிளாக்குக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. அங்கே முதல் வேலை, உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது. ஜாமான பிஸ்டனின் அலுமினியம் சுவரில் அப்பிக்கொண்டு பள்ளம் விழுந்ததைப் போல் காட்டும். ஆனால் சிலிகன் கார்பைடு கலந்த அந்த முலாம் பிஸ்டனை விடப் பல மடங்கு கடினம். அடியில் அது நலமாகவே இருக்கலாம். தோல் பதனிடும் ஊர்களான இராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் ரசாயனக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் வைத்தால் நுரைத்துக்கொண்டு அலுமினியத்தைக் கரைக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த வெளியில் செய்ய வேண்டும். போர்ட் ஓரத்து வெறும் அலுமினியத்தில் அமிலம் படக் கூடாது, முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நுரை நின்ற பிறகு அடியில் சாம்பல் நிற முலாம் குறுக்குக் கோடுகளோடு தெரிந்தால், புது பிஸ்டன் போட்டு ஓட்டலாம். முலாம் பெயர்ந்து, அதன் ஓரம் நகத்தில் மாட்டி, உள்ளே வெள்ளி நிற அலுமினியம் தெரிந்தால் மறு முலாம் தேவை.

மறு முலாம் பூசும் நிறுவனங்கள் பழைய பூச்சை நீக்கி, பள்ளத்தை டிக் வெல்டிங்கால் நிரப்பி, கடைந்து, புது முலாம் ஏற்றி, வைரக் கல்லால் ஹோனிங் செய்து ஸ்டாண்டர்டு அளவிலேயே திருப்பித் தருகின்றன. அமெரிக்காவின் மிலேனியம் டெக்னாலஜீஸ் இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. நான் போகும் லேத்துகள் எதிலும் இதற்கான வசதி இல்லை. பார்சல் செலவு, சுங்க வரி, காத்திருக்கும் மாதங்கள் எல்லாம் சேர்ந்தால் கை கனக்கும். அதனால் முலாம் பிளாக்கிலும் இரும்பு ஸ்லீவ் இறக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்ய முடியும். ஆனால் அந்த பிளாக் முலாமுக்காக வடிவமைக்கப்பட்டது: இரும்பு அலுமினியத்தை விட மெதுவாகச் சூட்டைக் கடத்துவதால் பிஸ்டன் இடைவெளியையும், பெட்ரோல் அளவை வைக்கும் கார்புரேட்டர் ஜெட்டையும் புதிதாக வைக்க வேண்டும், ஸ்லீவுக்கு இடம் தேட டிரான்ஸ்ஃபர் வழிகளின் சுவரை வெட்ட வேண்டியும் வரலாம். பந்தயத்தில் ஓட்டும் வண்டி என்றால் காத்திருந்து முலாமே பூசுங்கள். புது பிளாக் கிடைக்காத பழைய மாடலை வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு ஸ்லீவ் பொறுத்துக்கொள்ளத்தக்கது.

எந்த வழியை எடுத்தாலும், பிளாக் ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் மூடினால் புதிதும் கெடும். கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கிராங்க் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் பங்கு குறைந்து கலவை மெலிந்து, பிஸ்டன் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோலும் கலவையை மெலிய வைக்கும் திசையில்தான் வேலை செய்கிறது. பழைய ஜெட்டோடு ஓடும் வண்டியின் பிளக் நிறத்தை இப்போது அடிக்கடி பார்க்க வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, உள்ளே சுமார் 6 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி, அது நிற்கிறதா என்று பார்ப்பார்கள். மருத்துவமனை ஊரான வேலூரில் இதற்கு எளிய கருவி உண்டு: பழைய ரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் பல்பும் வட்ட மீட்டரும். மீட்டரில் 300 (மில்லிமீட்டர் பாதரசம்) என்பது ஏறத்தாழ 5.8 பிஎஸ்ஐ. அங்கே நிறுத்தி, ஆறு நிமிடம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது.

சென்ற மாதம் குடியாத்தத்திலிருந்து என் சித்தப்பா மகன் ஆர்எக்ஸ் 100 பிளாக் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தான். புது கிட் வாங்க மனத்துக்குள் முடிவு செய்திருந்தான். பிஸ்டன் தலையில் 50 என்று இருந்தது. அந்த அளவுக்கான புது ரிங்கைப் போருக்குள் வைத்தபோது வாய் மேலே 0.60, அடியில் 0.35. டேப்பர் 0.08, ஆகவே ரிங் மட்டும் மாற்றுவது என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. மேலே தேய்மானம் ஏறத்தாழ 0.13, அடுத்த படியான 0.75இல் சுவர் முழுவதும் சுத்தமாகிவிடும், அதற்குப் பிறகும் 1.00 கையிருப்பில் நிற்கும். பிஸ்டனை வாங்கிய பிறகே லேத்துக்குப் போவது என்று ஒப்புக்கொண்டான். அதற்கு முன் அவன் வண்டியின் அடி இன்ஜினை அடைத்து, பல்பால் காற்று ஏற்றினோம். முள் 300இலிருந்து இரண்டே நிமிடத்தில் பாதிக்கு இறங்கியது. மேக்னட்டோ பக்கத்து சீலைச் சுற்றி சோப்பு நுரையைத் தடவியபோது சிறு சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. இரண்டு பக்கச் சீல்களையும் அன்றே வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன்.